தோண்டாத எண்ணெயா, மாற்று எரிபொருளா: எதில் பணத்தைப் போடுவது?

எரிபொருள் பற்றிய பேச்சு எங்கே தொடங்கினாலும் கொஞ்ச நேரத்தில் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுகிறது. பூமிக்கு அடியில் இவ்வளவு எண்ணெய் கிடக்கும்போது எத்தனாலும் ஹைட்ரஜனும் எதற்கு என்று ஒரு கட்சி கேட்கிறது. எண்ணெயை இப்போதே கைகழுவிவிட்டு எல்லாவற்றையும் மாற்று எரிபொருளில் ஓட்டலாம் என்கிறது இன்னொரு கட்சி. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதுவரை யாரும் தொடாத இடங்களில், அதாவது ஆர்க்டிக் கடலிலும் எண்ணெய்ப் பாறைகளிலும் கடலடியில் பனிக்கட்டிக்குள் வாயு அடைபட்டிருக்கும் ஹைட்ரேட் படிவங்களிலும், புதிதாகப் பணத்தைக் கொட்டுவது வீண். அதே பணத்தை எடுத்து 'மாற்று' என்று பெயர் ஒட்டிய எல்லா எரிபொருளுக்கும் வாரி இறைப்பதும் வீண்தான். எந்த வேலைக்கு எந்த எரிபொருள் என்று பிரித்துப் பார்த்தால்தான் கணக்கு ஒழுங்காக வரும்.

முதலில் 'கையிருப்பு' என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். அதைக் கேட்டதும் ஏதோ நிலத்துக்கு அடியில் ஒரு பெரிய தொட்டி நிரம்பி நிற்பது போலவும், குழாயைத் திறந்தால் போதும் என்பது போலவும் தோன்றிவிடுகிறது. ஆர்க்டிக் வட்டத்துக்கு வடக்கே இன்னும் கண்டுபிடிக்காத, ஆனால் எடுக்கக்கூடிய எண்ணெய் சுமார் 9,000 கோடி பீப்பாய் இருக்கலாம் என்று அமெரிக்க நிலவியல் ஆய்வு மையம் 2008இல் மதிப்பிட்டது. பெரிய எண்தான். ஆனால் உலகம் ஒரு நாளைக்குச் செலவழிக்கும் எண்ணெய் ஏறக்குறைய 10 கோடி பீப்பாய். வகுத்துப் பார்த்தால் 900 நாள். பனிக்கடல் முழுவதையும் துளைத்து, ஒரு சொட்டு விடாமல் எடுத்தாலும் இரண்டரை ஆண்டுக்குத்தான் வரும்.

அந்த இரண்டரை ஆண்டுக்கும் என்ன விலை? ஷெல் நிறுவனம் அலாஸ்காவுக்கு அப்பால் சுக்சி கடலில் பல ஆண்டுகள் முயன்று, சுமார் 700 கோடி டாலர் செலவழித்து, 2015இல் ஒரு கிணற்றைத் துளைத்து முடித்தது. எதிர்பார்த்த அளவுக்கு எண்ணெய் இல்லை என்று அந்த செப்டம்பரிலேயே மூடிவிட்டு வெளியேறியது. அதே அலாஸ்காவின் ஆர்க்டிக் வனவிலங்குக் காப்பகத்தைத் திறக்க வேண்டுமா என்று அமெரிக்க அரசியலில் 40 ஆண்டு சண்டை நடந்தது. கடைசியில் 2017இல் சட்டம் போட்டுத் திறந்தார்கள். 2021 ஜனவரியில் நடந்த முதல் ஏலத்தில் பெரிய எண்ணெய் நிறுவனம் ஒன்றுகூடக் கேட்கவில்லை. 2025 ஜனவரியில் நடந்த இரண்டாவது ஏலத்தில் ஒரு விண்ணப்பம்கூட வரவில்லை. எண்ணெய் எடுப்பதையே தொழிலாக வைத்திருப்பவர்கள் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள் என்றால், அவர்கள் போட்ட கணக்கை நாமும் ஒருமுறை போட்டுப் பார்ப்பது நல்லது.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்களே, அதற்கு இந்தத் துறையில் இருப்பதைப் போன்ற உதாரணம் வேறெங்கும் கிடைக்காது. அமெரிக்காவின் கொலராடோ, யூட்டா, வயோமிங் மாநிலங்களில் பரந்து கிடக்கும் கிரீன் ரிவர் பாறைப் படிவத்தில் 4 லட்சம் கோடி பீப்பாய்க்கும் மேல் எண்ணெய் இருக்கிறது என்பார்கள். உலகம் முழுக்க உறுதிசெய்யப்பட்ட கையிருப்பைப் போல அது இரண்டு மடங்குக்கும் மேல். ஆனால் அங்கே இருப்பது எண்ணெய் இல்லை. கெரோஜென் என்ற பொருள், எண்ணெயாக மாறுவதற்கு வேண்டிய சூடும் காலமும் கிடைக்காமல் பாறைக்குள்ளேயே நின்றுபோனது. இயற்கை லட்சக்கணக்கான ஆண்டுகளில் செய்யாமல் விட்ட வேலையை நாம் செய்து முடிக்க வேண்டும். பாறையை வெட்டி, நொறுக்கி, உலையில் போட்டு 500 டிகிரி அளவுக்குச் சூடாக்க வேண்டும். எடுத்த பாறையில் பெரும்பகுதி சாம்பலும் கழிவுமாக மிஞ்சும். 1970களின் எண்ணெய் நெருக்கடியில் இதுதான் எதிர்காலம் என்று கொலராடோவில் புது ஊர்களே எழும்பின. எண்ணெய் விலை இறங்கியதும், 1982 மே 2ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை, எக்ஸான் எண்ணெய் நிறுவனம் அங்கே 'காலனி' என்ற பெயரில் நடத்திய பாறை எண்ணெய்த் திட்டத்தை நிறுத்தியது. ஒரே நாளில் 2,000 பேருக்கு மேல் வேலை இழந்தார்கள். அந்தப் பகுதியில் இன்னமும் அந்த நாளைக் 'கறுப்பு ஞாயிறு' என்றுதான் சொல்கிறார்கள்.

கனடாவின் எண்ணெய் மணலைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம், ஏனென்றால் அது ஏட்டோடு நிற்காமல் உண்மையிலேயே ஓடிக்கொண்டிருக்கும் தொழில். அங்கே மணலோடு ஒட்டியிருப்பது பிட்டுமன். குளிரில் இறுகிய தாரைப் போல இருக்கும், தானாக ஓடாது. மேலாக இருப்பதை வெட்டி எடுத்துவிடலாம். ஆனால் பெரும்பகுதி ஆழத்தில் இருக்கிறது. அதற்கு நிலத்துக்கு அடியில் கிடைமட்டமாக இரண்டு கிணறுகளை, ஒன்றுக்கு மேல் ஒன்றாக, சுமார் 5 மீட்டர் இடைவெளியில் துளைக்கிறார்கள். மேல் கிணற்றில் நீராவியைச் செலுத்திக்கொண்டே இருக்க வேண்டும். பல வாரங்கள் கழித்து மணல் சூடேறி, பிட்டுமன் இளகி, கீழ்க் கிணற்றில் சொட்டத் தொடங்கும். அந்த நீராவிக்குத் தண்ணீரைக் கொதிக்க வைப்பது எது? இயற்கை எரிவாயு. ஒரு பீப்பாய் பிட்டுமனில் உள்ள ஆற்றலில் தோராயமாக ஆறில் ஒரு பங்கு, அதை மேலே கொண்டுவருவதற்கே எரிந்துபோகிறது. அப்புறம் குழாயில் ஓட வைக்க இலேசான எண்ணெயைக் கலக்க வேண்டும், சுத்திகரிப்பில் ஹைட்ரஜன் சேர்க்க வேண்டும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்ற நிலைக்கு இது இன்னும் வரவில்லை, ஆனால் போகும் திசை அதுதான். சுலபமாகக் கிடைத்த எண்ணெயை முதலில் எடுத்துவிட்டோம். மிச்சம் இருப்பது ஒவ்வொன்றும் முந்தையதைவிட அதிக ஆற்றலைக் கேட்கிறது. ஒரு பங்கு ஆற்றலைப் போட்டால் எத்தனை பங்கு திரும்பி வருகிறது என்ற அந்த நிகரக் கணக்கு, 'எத்தனை பீப்பாய் இருக்கிறது' என்பதைவிட எனக்கு முக்கியமாகப் படுகிறது.

மீத்தேன் ஹைட்ரேட் கதை இன்னும் சுருக்கம். கடலடியில் பனிக்கட்டிக்குள் மீத்தேன் சிறைப்பட்டிருக்கிறது. ஒரு கன மீட்டர் ஹைட்ரேட்டை உருக்கினால் சுமார் 160 கன மீட்டர் வாயு வரும். ஜப்பான் 2013 மார்ச்சில் நன்காய் பள்ளப் பகுதியில் உலகிலேயே முதல்முறையாகக் கடலடியிலிருந்து அதை எடுத்துக் காட்டியது. ஆறாவது நாள் கிணற்றுக்குள் மணல் புகுந்து சோதனை நின்றது. அதற்குப் பிறகும் சோதனைகள் நடந்தன, சீனாவும் செய்தது. வியாபாரமாக மட்டும் இன்னும் ஆகவில்லை.

காலக் கணக்கும் உண்டு. காஸ்பியன் கடலில் காஷகான் வயலைக் கண்டுபிடித்தது 2000இல். எண்ணெய் வந்தது 2013 செப்டம்பரில். வந்த சில வாரங்களிலேயே, வாயுவில் கலந்திருந்த ஹைட்ரஜன் சல்பைடு குழாய்களில் விரிசல் விட வைத்ததால் நிறுத்திவிட்டார்கள். குழாய்களை மாற்றி மறுபடி ஓட வைக்க 2016 அக்டோபர் ஆகிவிட்டது. எல்லா இடத்திலும் இப்படித்தான் என்று சொல்லமாட்டேன். கயானாவில் 2015இல் கண்டுபிடித்த லிசா வயலில் 2019 டிசம்பரிலேயே எண்ணெய் வந்துவிட்டது, அது உண்மையிலேயே வேகமான வேலை. ஆனால் கயானா விதிவிலக்கு. புதிய, கடினமான இடம் என்றால் பத்துப் பதினைந்து ஆண்டு என்று வைத்துக்கொள்வதே பாதுகாப்பான கணக்கு. இன்று முடிவெடுத்துத் தோண்டும் எண்ணெய், சந்தை எப்படி இருக்கும் என்றே தெரியாத ஒரு காலத்தில்தான் வந்து சேரும்.

இங்கே ஒரு விஷயத்தை நேர்மையாக ஒப்புக்கொள்ள வேண்டும். எண்ணெய் தீர்ந்துவிடும் என்று பயமுறுத்தி மாற்று எரிபொருளுக்கு வாதாடுவது இனி செல்லாது. நிலவியலாளர் கிங் ஹப்பர்ட் 1956இல், அமெரிக்க எண்ணெய் உற்பத்தி 1970ஐ ஒட்டி உச்சத்தைத் தொட்டுச் சரியும் என்று சொன்னார். அப்படியே நடந்தது. 2008 வாக்கில் அது நாளுக்கு 50 லட்சம் பீப்பாயாக இறங்கியும் விட்டது. பிறகு ஷேல் பாறையை நீரழுத்தத்தால் பிளக்கும் முறை பரவி, இப்போது 1.3 கோடி பீப்பாயைத் தொட்டிருக்கிறது. ஷேல் கிணறு முதல் ஆண்டிலேயே பாதிக்கு மேல் வற்றிவிடும், அதனால் துளைத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பது வேறு விஷயம். ஆக, நிலத்தடியில் பஞ்சம் இல்லை.

பஞ்சம் மேலே இருக்கிறது, காற்றில். ஒரு லிட்டர் பெட்ரோலின் எடை முக்கால் கிலோதான். அதை எரித்தால் வெளிவரும் கரியமில வாயு 2.3 கிலோ. காற்றிலுள்ள ஆக்ஸிஜன் ஒட்டிக்கொள்வதால் போட்டதைவிட மூன்று மடங்கு எடை வெளியே வருகிறது. கண்ணுக்குத் தெரியாததால் இது நமக்கு உறைப்பதில்லை. 2015இல் லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரி ஆய்வாளர்கள் இருவர் நேச்சர் இதழில் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். புவி வெப்பம் 2 டிகிரிக்கு மேல் ஏறாமல் இருக்க வேண்டுமென்றால், தெரிந்த கையிருப்பிலேயே எண்ணெயில் மூன்றில் ஒரு பங்கும், எரிவாயுவில் பாதியும், நிலக்கரியில் 80 சதவீதத்துக்கு மேலும் எடுக்காமல் விடவேண்டும். ஏற்கெனவே தெரிந்ததையே முழுக்க எரிக்க முடியாத நிலையில், இன்னும் தெரியாததைத் தேடிப் போவதற்கு என்ன காரணம் சொல்ல முடியும் என்று எனக்குப் புரியவில்லை.

சரி, மாற்று எரிபொருள் பக்கம் வருவோம். இங்கேயும் இரக்கமில்லாமல்தான் பார்க்க வேண்டும், ஏனென்றால் நல்ல நோக்கத்துக்காகப் பொய்க் கணக்கு போட்டால் கடைசியில் அந்த நோக்கம்தான் கெட்டுப்போகும்.

ஒரு ஹெக்டேர் நிலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் மக்காச்சோளம் போட்டு எத்தனால் காய்ச்சினால், நல்ல விளைச்சலில் ஆண்டுக்கு 4,000 லிட்டர் அளவுக்குக் கிடைக்கும். எத்தனாலில் பெட்ரோலின் ஆற்றலில் மூன்றில் இரண்டு பங்குதான் உண்டு. லிட்டருக்கு 10 கிலோமீட்டர் என்று வைத்தால் ஒரு கார் 40,000 கிலோமீட்டர் ஓடும். அதே ஹெக்டேரில் சூரிய மின்தகடுகளை இடைவெளி விட்டு நட்டால், மிகக் குறைத்துப் போட்டாலும் ஆண்டுக்கு 5 லட்சம் யூனிட் மின்சாரம் வரும். கம்பியிலும் பேட்டரியிலும் போகும் இழப்பைக் கழித்து, யூனிட்டுக்கு 5 கிலோமீட்டர் என்று வைத்தால், மின்சாரக் கார் 20 லட்சம் கிலோமீட்டருக்கு மேல் ஓடும். ஐம்பது மடங்கு! சோளத்தின் பக்கத்தில் டிராக்டர் டீசலையும் உரத்தையும் காய்ச்சும் எரிவாயுவையும் நான் இன்னும் கழிக்கவே இல்லை. காய்ச்சிய பிறகு மிஞ்சும் சக்கை மாட்டுத் தீவனமாகிறது என்பதை அந்தப் பக்கத்துக்கு வரவாக வைத்தாலும் இடைவெளி மூடாது. பயிர் என்பது சூரிய ஒளியில் ஒரு சதவீதத்தைக்கூடப் பிடித்து வைக்காத ஏற்பாடு. அது உணவுக்கு அற்புதம், கார் ஓட்ட ஏற்றதல்ல. அமெரிக்காவில் விளையும் சோளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எத்தனால் ஆலைக்குப் போகிறது என்பதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனத்துவிடும்.

பிரேசிலின் கரும்பு வேறு ரகம். 1975இல் எண்ணெய் விலை அதிர்ச்சிக்குப் பிறகு தொடங்கிய திட்டம், இன்றுவரை நிற்கிறது. சாற்றைக் காய்ச்சத் தேவையான வெப்பத்தைக் கரும்புச் சக்கையே கொடுத்துவிடுவதால் நிகர ஆற்றல் கணக்கு சோளத்தைவிடப் பல மடங்கு மேல். ஆனால் அந்த மழையும் நிலமும் எல்லாருக்கும் வாய்ப்பதில்லை. காட்டாமணக்கு அலையையும் மறக்கக்கூடாது. 2000களில், தரிசில் தானாக வளரும், தண்ணீர் வேண்டாம், எண்ணெய் கொட்டும் என்று ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் விவசாயிகளை நட வைத்தார்கள். தரிசில் அது பிழைத்தது, காய்க்கவில்லை. காய்க்க வைக்கத் தண்ணீரும் உரமும் நல்ல நிலமும் வேண்டியிருந்தது. நட்டவர்கள் பிடுங்கிப் போட்டார்கள். பாசியிலிருந்து எண்ணெய் எடுக்க எக்ஸான்மொபில் 2009இல் பெரிய அறிவிப்போடு இறங்கியது, 2023இல் விலகிக்கொண்டது.

ஹைட்ரஜனுக்கு இன்னொரு சிக்கல், குரங்கு அப்பம் பங்கிட்ட கதைதான். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு கடி. ஒரு கிலோ ஹைட்ரஜனில் 33 யூனிட் ஆற்றல் இருக்கிறது. தண்ணீரை மின்சாரத்தால் பிளந்து அதைத் தயாரிக்க 50 யூனிட்டுக்கு மேல் வேண்டும். 700 மடங்கு வளிமண்டல அழுத்தத்தில் தொட்டியில் அடைக்க இன்னும் சில யூனிட் போகும். காரில் இருக்கும் ஃப்யூவல் செல் அதை மறுபடி மின்சாரமாக்கும்போது ஏறத்தாழ பாதி வெப்பமாகப் போய்விடும். 100 யூனிட் மின்சாரத்தோடு கிளம்பினால் சக்கரத்துக்கு வருவது 30ஐ ஒட்டித்தான். அதே 100 யூனிட் பேட்டரி வழியாகப் போனால் 75 அளவுக்கு வந்து சேரும். இதற்கு மேல், இன்று உலகில் தயாராகும் ஹைட்ரஜனில் ஏறக்குறைய முழுவதும் இயற்கை எரிவாயுவிலிருந்தும் நிலக்கரியிலிருந்தும்தான் வருகிறது. அப்படியிருக்க, அதைக் காருக்கு ஊற்றுவதில் என்ன லாபம்?

ஆனால் ஹைட்ரஜன் இல்லாமல் முடியாத வேலைகள் இருக்கின்றன, அதைச் சொல்லாமல் விட்டால் பாதிக் கதைதான். உரத்துக்கான அம்மோனியா ஹைட்ரஜனிலிருந்து வருகிறது, அதற்கு மாற்றே கிடையாது. இரும்புத் தாதுவிலிருந்து ஆக்ஸிஜனைப் பிரிக்க நிலக்கரிக்குப் பதில் ஹைட்ரஜனைப் பயன்படுத்தலாம் என்று சுவீடனில் லூலியோ நகரத்து ஹைப்ரிட் (HYBRIT) என்ற இரும்புத் திட்டம் 2021இல் செய்து காட்டியது. கழிவாக வெளிவந்தது தண்ணீர். சுத்தமான ஹைட்ரஜனில் கையில் கிடைக்கும் முதல் டன் இந்த இடங்களுக்குத்தான் போகவேண்டும்.

விமானமும் அப்படித்தான். ஒரு கிலோ விமான எரிபொருளில் சுமார் 43 மெகாஜூல் ஆற்றல். ஒரு கிலோ பேட்டரியில் கிட்டத்தட்ட 1 மெகாஜூல். விமான எஞ்சினைவிட மின் மோட்டார் சிக்கனமானது என்பதைச் சேர்த்தாலும் கடல் தாண்டும் விமானத்தைப் பேட்டரியில் ஓட்ட இப்போதைக்கு வழியில்லை. எனவே கழிவு எண்ணெயிலிருந்தும் பண்ணைக் கழிவிலிருந்தும் கிடைக்கும் கொஞ்ச நஞ்சத் திரவ எரிபொருளை வானத்துக்கு ஒதுக்கிவிட வேண்டும். 2023 நவம்பரில் லண்டனிலிருந்து நியூயார்க்குக்கு ஒரு பயணிகள் ஜெட் முழுக்க அத்தகைய எரிபொருளிலேயே பறந்தது. இயந்திரத்தில் சிக்கல் இல்லை, அளவில்தான் சிக்கல். 2024இல் உலக விமானங்கள் எரித்ததில் அது 0.3 சதவீதம் மட்டுமே. இந்த நிலையில் அதே மூலப்பொருளைக் கார் டீசலில் கலப்பது எனக்குக் கொஞ்சமும் பிடிக்காத காரியம். கப்பலுக்கு மெத்தனாலும் அம்மோனியாவும் போட்டி போடுகின்றன. 2023இலேயே மெத்தனாலில் ஓடும் சரக்குக் கப்பல் கடலுக்கு வந்துவிட்டது. அம்மோனியாவில் கரி இல்லை, ஆனால் நச்சு, எனவே மாலுமிகளின் உயிரை நினைத்தால் எனக்கு மெத்தனால் பக்கமே சாய்வு.

காருக்கும் நகரப் பேருந்துக்கும் விடை வந்துவிட்டது, மின்சாரம்தான். பேட்டரி விலை 2010லிருந்து 90 சதவீதம் சரிந்திருக்கிறது. நார்வேயில் 2024இல் விற்ற புதிய கார்களில் பத்தில் ஒன்பதை ஒட்டி மின்சாரக் கார்கள். நெடுந்தூர லாரியும் அதே வழியில்தான் போகும் என்று நினைக்கிறேன், கொஞ்சம் தாமதமாக.

இவ்வளவும் சொன்ன பிறகும் ஒரு கேள்வி எனக்குள் உறுத்திக்கொண்டே இருக்கிறது. எண்ணெய் கிடைத்திருப்பது ஏழை நாட்டுக்கு என்றால், எடுக்காதே என்று சொல்ல யாருக்கு உரிமை? ஈக்வடார் 2007இல் இதற்கு ஒரு பதில் சொல்லிப் பார்த்தது. அமேசான் காட்டில் யாசுனி பூங்காவுக்கு அடியில் இருக்கும் எண்ணெயைத் தொடாமல் விடுகிறோம், அதில் வரக்கூடிய வருமானத்தில் பாதியை, 360 கோடி டாலரை, உலகம் தரட்டும் என்றது. ஆறு ஆண்டு காத்திருந்ததில் கைக்கு வந்தது 1.3 கோடி டாலர் அளவுதான். 2013இல் திட்டத்தைக் கைவிட்டு, 2016இல் எண்ணெய் எடுக்கத் தொடங்கினார்கள். 2023 ஆகஸ்டில் பொது வாக்கெடுப்பு நடந்தது. சுமார் 59 சதவீதம் பேர் எண்ணெய் எடுப்பதை நிறுத்து என்று வாக்களித்தார்கள். பணக்கார நாடுகள் கைவிரித்த இடத்தில், ஒரு சின்ன நாட்டு மக்கள் தங்கள் வருமானத்தைத் தாங்களே விட்டுக்கொடுக்க முன்வந்தார்கள். இதை ஏழை நாடுகளுக்கான பாடமாக யாரும் எடுத்துக்காட்டக் கூடாது. 360 கோடி டாலர் என்பது ஷெல் அந்த ஒரு கடலில் போட்டு இழந்ததில் பாதி.

ஆகவே நான் பரிந்துரைப்பது இது. இன்று ஓடும் வயல்களை உடனே மூடச் சொல்ல முடியாது. அவை தாமாகவே ஆண்டுக்கு ஆண்டு வற்றிக்கொண்டு வருகின்றன. பராமரிப்பை நிறுத்தினால் விலை தாறுமாறாக ஏறி முதலில் அடிபடுவது ஏழைகள்தான். அவற்றை ஒழுங்காகப் பார்த்துக்கொண்டு, மாற்று இல்லாத வேலைகளுக்கு அந்த எண்ணெயைத் திருப்பலாம். புதிய எல்லைகளைத் திறக்க வைத்திருக்கும் பணம் மின்கம்பிக்கும் சேமிப்புக்கும் சுத்தமான ஹைட்ரஜனுக்கும் விமான எரிபொருளுக்கும் போகட்டும். பயிரிலிருந்து கார் எரிபொருள் காய்ச்சும் மானியத்தை நிறுத்தலாம்.

அதோடு, உண்மையிலேயே தொடாத கையிருப்பு ஒன்றைத் தேடுபவர்களுக்கு இடம் காட்டுகிறேன். எண்ணெயோடு சேர்ந்து வரும் வாயுவைக் கொண்டுபோக வசதி செய்யாமல், வயலிலேயே குழாய் முனையில் கொளுத்திவிடுகிறார்கள். இரவில் விண்வெளியிலிருந்து பார்த்தால் அந்தத் தீக்கொழுந்துகள் நகரங்களைப் போல ஒளிர்கின்றன. இப்படி எரிந்து வீணாவது ஆண்டுக்கு 14,000 கோடி கன மீட்டருக்கும் மேல். எரியாமல் கசிவது இதற்கு வெளியே, அதுவும் 20 ஆண்டுக் கணக்கில் கரியமில வாயுவைவிட 80 மடங்கு சூடேற்றும் மீத்தேனாக. இதற்கு ஆர்க்டிக் போக வேண்டாம், கிணறு தோண்டவும் வேண்டாம். கிணறு ஏற்கெனவே தோண்டியாயிற்று, வாயுவும் மேலே வந்துவிட்டது. ஒரு அமுக்கு இயந்திரமும் கொஞ்சம் குழாயும்தான் இன்னும் வந்துசேரவில்லை.